திமிங்கிலத்துக்குப் பீரங்கி செய்தவர்

(இயந்திரவியல், மூன்றாமாண்டு மாணவன் எழுதியது)



ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொல்லி மலர்க்குழுவினர் என்னைப் பிடித்துக்கொண்டபோது எனக்கு எடிசன் ஞாபகம்தான் வந்தது. அவர் போன வருடமே வந்தாச்சாம். ஜேம்ஸ் வாட்? அவரும் வந்தாச்சு. விஸ்வேஸ்வரய்யா இதுவரை மூன்று தடவை வந்துவிட்டாராம்! அப்படியானால் நம் கல்லூரியில் யாருமே எழுதாத ஒருவரைக் கொண்டுவருகிறேன் என்று ரோஷமாகச் சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

கைகொடுத்தது மெஷின் டிசைன் வகுப்பு. ஸ்பிரிங் பாடம் நடத்தும்போது எங்கள் ஆசிரியர் ஒரு கணக்கைக் கதைபோலச் சொன்னார். ஒரு சின்ன நீராவிக் கப்பல். அதிலிருந்து போகும் கயிற்றின் மறுமுனையில் நூறு டன் எடையுள்ள ஓர் உயிர். அது திடீரென்று வெட்டி இழுத்தால் கயிறு அறுமா, அறாதா? அறாமல் இருக்க என்ன செய்யலாம்? அதற்கு விடை கண்டவர் ஸ்வென் ஃபொய்ன் என்ற நார்வே நாட்டுக்காரர் என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். எனக்கு மனசு அங்கேயே நின்றுவிட்டது.

விடுதிக்கு வந்து அறை நண்பனிடம் சொன்னேன். அவன் திருச்செந்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரன். 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழிக் கரைகளில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கூட்டமாக வந்து ஒதுங்கினவே, அப்போது இவன் சின்னப் பையன், நேரில் பார்த்தவன். திமிங்கிலத்தைக் கொல்ல மெஷின் செய்தவனைப் பற்றியா மலரில் எழுதப் போகிறாய் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனாலும் நான் எழுத எழுதப் படித்தவனும் அவன்தான். இந்தக் கட்டுரையில் பாதி அவனோடு போட்ட சண்டை.

ஸ்வென் ஃபொய்ன் 1809 ஜூலை 9-ஆம் தேதி நார்வேயின் டோன்ஸ்பெர்க் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா கப்பல்காரர். மகனுக்கு நாலு வயசு இருக்கும்போது அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அம்மாதான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். அப்பாவைத் தின்ற கடலுக்கே மகனும் போனார். அந்த ஊரில் வேறு பிழைப்பு ஏது? சின்ன வயதிலேயே கப்பலேறி, படிப்படியாக உயர்ந்து கேப்டன் ஆனார்.

1840-களில் சொந்தமாக ஒரு கப்பல் கட்டினார். பெயர் ஹோபெட், அதாவது நம்பிக்கை. அதில் வடக்கே பனிக்கடலுக்குப் போய் கடல்நாய்களை வேட்டையாடினார். டோன்ஸ்பெர்கிலிருந்து அந்தத் தொழிலுக்கு வழி திறந்தவர் அவர். பனிப்பாறைமேல் கிடக்கும் கடல்நாய்களைத் தோலுக்காகவும் கொழுப்புக்காகவும் கொன்று கப்பலை நிரப்பிக்கொண்டு வருவது. நல்ல காசு. ஐம்பது வயதைத் தொடும்போது அவர் பெரிய பணக்காரர். நம்மில் பலர் அந்த இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவோம். அவருடைய கதையோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்தக் காலத்துத் திமிங்கில வேட்டை எப்படி இருந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். துடுப்புப் படகில் ஐந்தாறு பேர் கிட்டே போய்க் கையால் ஈட்டி எறிவார்கள். ஈட்டியில் கயிறு. குத்துப்பட்ட திமிங்கிலம் படகை இழுத்துக்கொண்டு ஓடி, மணிக்கணக்கில் களைத்து, கடைசியில் நீண்ட வேலால் குத்துப்பட்டுச் சாகும். இப்படிப் பிடிக்க முடிந்தது மெதுவாக நீந்தும் சாதிகளை மட்டும்தான். செத்த பிறகு மிதக்கவும் வேண்டும். அப்படி மெதுவாகப் போய், செத்து மிதந்த ஒரு சாதிக்கு ஆங்கிலேயர் 'சரியான திமிங்கிலம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கொல்லச் சரியானது என்பதால் என்று சொல்வார்கள்! ஃபொய்ன் காலத்துக்குள் அந்தச் சரியானவை பல கடல்களில் அருகிவிட்டன.

ஆனால் நார்வேக்கு வடக்கே, ஃபின்மார்க் கடலில், வேறு திமிங்கிலங்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. நீலத் திமிங்கிலம், துடுப்புத் திமிங்கிலம் போன்றவை. பூமியில் இதுவரை வாழ்ந்த விலங்குகளிலேயே பெரியது நீலத் திமிங்கிலம். 30 மீட்டர் வரை நீளும். அவற்றை யாராலும் தொட முடியவில்லை. துடுப்புப் படகைவிட வேகம் அதிகம். கை ஈட்டி அவற்றுக்கு முள் குத்தியதுபோல. கயிறு அறுந்துபோகும். எப்படியோ கொன்றாலும் கல்லைப் போல மூழ்கிவிடும். இந்த நாலும்தான் அந்த உயிர்களுக்கு வேலி. யாரும் சட்டம் போட்டுப் பாதுகாக்கவில்லை. மனிதனுடைய இயலாமையே பாதுகாப்பு.

நாலு பிரச்சினையையும் ஒவ்வொன்றாக உடைத்தார் ஃபொய்ன். இந்த இடத்தில் ஒரு டிப்ளமோ மாணவனாக எனக்கு அவர்மேல் வரும் மரியாதையை மறைக்க மாட்டேன்.

வேகத்துக்கு நீராவி. 1863-ல் ஸ்பெஸ் எட் ஃபிடெஸ் என்ற கப்பலைக் கட்டுவித்தார். லத்தீனில் 'நம்பிக்கையும் விசுவாசமும்' என்று பொருள். திமிங்கிலத்தைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே நீராவி எஞ்சின் வைத்துக் கட்டிய முதல் கப்பல் அதுதான். நீளம் சுமார் 29 மீட்டர். அதாவது ஒரு பெரிய நீலத் திமிங்கிலத்தின் நீளம். வேகம் 7 நாட். நம்ம ஊர் சைக்கிள் வேகம்தான். ஆனால் சைக்கிள் களைக்கும், எஞ்சின் களைக்காது.

ஈட்டிக்குப் பதிலாகப் பீரங்கி. கப்பலின் முனையில், எந்தப் பக்கமும் திரும்பும்படி ஒரு பீரங்கியை நிறுத்தினார். முதலில் ஈட்டியைத் தனியாகவும் குண்டைத் தனியாகவும் சுட்டுப் பார்த்தார், சரிவரவில்லை. பிறகு இரண்டையும் ஒன்றாக்கினார். ஈட்டியின் நுனியில் வெடிமருந்துக் குண்டு. அதன் பின்னால் மடங்கும் கொக்கிகள். ஈட்டி உடலுக்குள் பாய்ந்ததும் திமிங்கிலம் ஓடும், கயிறு இறுகும், கொக்கிகள் குடைபோல விரியும். விரியும்போது உள்ளே இருக்கும் கண்ணாடிக் குப்பி உடையும். குப்பியில் கந்தக அமிலம். அது மருந்தைப் பற்றவைக்கும். குண்டு உடலுக்குள்ளேயே வெடிக்கும். பாருங்கள், தூண்டுவிசையைத் தருவது திமிங்கிலமே! அது தப்பிக்க இழுக்கும் இழுப்புதான் குண்டைத் திறக்கும் சாவி. இந்தக் குண்டை வடிவமைக்க அவருக்குத் துணை நின்றவர் எஸ்மார்க் என்ற பாதிரியார். இந்த வரியை நான் இரண்டு தடவை படித்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

கயிறு அறாமல் இருக்கத்தான் எங்கள் ஆசிரியர் சொன்ன வித்தை. கயிற்றை நேராகக் கப்பலில் கட்டாமல், பாய்மரத்திலிருந்து தொங்கும் கப்பி வழியாக எடுத்து, இழுபட்டுத் திரும்பும் ரப்பர் பட்டைகளோடு இணைத்தார்கள். பின்னாளில் எஃகு ஸ்பிரிங்குகள் வந்தன. தூண்டிற்காரன் கையில் கோல் வளைகிறதே, அதே தத்துவம். திடீர் இழுப்பை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். மூழ்கும் உடலை மேலே கொண்டுவர நீராவி வின்ச். பிறகு உடலுக்குள் குழாய் செருகிக் காற்றை அடைத்து மிதக்கவிடுவது வழக்கமாயிற்று.

கேட்கும்போது சுலபமாக இருக்கிறது அல்லவா? 1864-ல் முதல் தடவை வடக்கே போனபோது கிடைத்தது நாலே நாலு திமிங்கிலம். ஊரார் சிரித்தார்கள். கடல்நாயில் சம்பாதித்த காசெல்லாம் கரைந்துகொண்டிருந்தது. தோல்வி, திருத்தம், மறுபடி தோல்வி. வயது அறுபதை நெருங்கியது. 1868-ல் ஒரே பருவத்தில் 30 திமிங்கிலங்கள் பிடித்தார். 1870 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், காப்புரிமை கிடைத்தது. அவர் தீவிர பக்தர். எல்லாப் புகழையும் கடவுளுக்கே கொடுத்து நாட்குறிப்பில் எழுதிவைத்தார். திமிங்கிலங்களை மனிதனுடைய நன்மைக்காகவே இறைவன் கடலில் விட்டிருக்கிறான், அவற்றைக் கொண்டுவருவது தனக்கு இடப்பட்ட பணி என்று அவர் மனதார நம்பினார்.

இந்த இடத்தில் இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் போக மனமில்லை. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் லூயிஸ் டெம்பிள் என்று ஒரு கருப்பினக் கொல்லர் இருந்தார். 1848-ல், உள்ளே போனதும் குறுக்கே திரும்பிக்கொள்ளும் ஈட்டி முனை ஒன்றைச் செய்தார். கையால் எறியும் வேட்டைக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் வாங்கினார்கள். அவர் காப்புரிமை எடுக்கவில்லை. வறுமையிலேயே 1854-ல் இறந்தார். தாமஸ் ராய்ஸ் என்ற இன்னோர் அமெரிக்கர் திமிங்கிலத்துக்கு ராக்கெட் செய்யப்போய்ச் சோதனையில் தன் கையையே இழந்தார். ஃபொய்னுக்கோ காப்புரிமையோடு, 1873 முதல் பத்து வருடத்துக்குத் தனியுரிமையும் கிடைத்தது. எல்லாக் கொல்லனுக்கும் ஒரே நீதி கிடைப்பதில்லை, சரி, கதைக்கு வருவோம்.

மனிதர் எப்படிப்பட்டவர்? சொந்தச் செலவில் சிக்கனம். இரண்டு திருமணம், முதலாவது சீக்கிரமே முறிந்தது. பிள்ளைகள் இல்லை. தொழிலாளிகளுக்கு டோன்ஸ்பெர்கில் வீடு கட்டிக் கொடுத்தார். பெருஞ்செல்வத்தைச் சமயப் பணிக்கு விட்டுச் சென்றார். கொழுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடலில் தள்ளும் வழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. சதையையும் எலும்பையும் உரமாக்க ஆலை வைத்தார். கெட்ட மனிதர் என்று எங்கேயும் சொல்ல முடியவில்லை. நான் தேடிப் பார்த்தேன், உண்மையைச் சொன்னால் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

அவரை எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? மிருகங்களுக்காகப் பரிந்து பேசிய பட்டணத்துக்காரர்கள் இல்லை. ஃபின்மார்க்கின் ஏழை மீனவர்கள். சின்ன மீன்களைத் திமிங்கிலங்கள் கரைப்பக்கம் விரட்டுகின்றன, அவற்றைத் தின்னக் காட் மீன் பின்னால் வருகிறது, திமிங்கிலம் போனால் எங்கள் வலை காலி என்று அவர்கள் முறையிட்டார்கள். விலங்கியல் அறிஞர் சார்ஸ் ஆராய்ந்துவிட்டு அப்படியொரு தொடர்பு இல்லை என்றார். மீனவர்கள் ஏற்கவில்லை. 1880-ல் வராங்கர் ஃபியோர்டில் பருவத் தடை வந்தது. ஃபொய்னின் தனியுரிமை முடிந்ததும் ஆளாளுக்குக் கம்பெனி தொடங்கிக் கப்பல் இறக்கினார்கள். கோபம் முற்றி, அவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து, 1903-ல் மெஹாம்ன் என்ற ஊரில் மீனவர்கள் திரண்டு திமிங்கில ஆலையை அடித்து நொறுக்கினார்கள். ராணுவம் வந்தது. மறுவருடமே அரசாங்கம் வட நார்வேயில் திமிங்கில வேட்டையைத் தடைசெய்தது. இந்தப் பகுதியைப் படித்தபோதுதான் என் நண்பன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

அதற்குள் வேட்டைக்கு வேறு கடல் வேண்டியிருந்தது. அதற்கும் வழிகாட்டியவர் ஃபொய்ன்தான். 1893-ல், 84 வயதில், ஹென்ரிக் புல் என்பவருக்குப் பணம் கொடுத்து 'அன்டார்க்டிக்' என்ற கப்பலைத் தென்துருவம் நோக்கி அனுப்பினார். 84 வயதில்! அந்தக் கப்பலைச் சேர்ந்தவர்கள் 1895 ஜனவரி 24-ல் கேப் அடேரில், அன்டார்க்டிகா கண்டத்து மண்ணில் காலை வைத்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்க அவர் இல்லை. 1894 நவம்பரிலேயே கண்ணை மூடிவிட்டார். டோன்ஸ்பெர்கில் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

பிறகு நடந்தது சுருக்கமாக. 1904-ல் தெற்கு ஜார்ஜியா தீவில் ஆலை வந்தது. 1925-ல் திமிங்கிலத்தை முழுசாக உள்ளே இழுத்து வெட்டும் ஆலைக்கப்பல் வந்தது. எண்ணெய் சோப்பாயிற்று, மார்கரின் ஆயிற்று. 1930-31 பருவத்தில் மட்டும் சுமார் 29,000 நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டு முழுவதும் எல்லாச் சாதியும் சேர்த்து ஏறத்தாழ 29 லட்சம். 1970-களில் தென்கடலில் நீலத் திமிங்கிலம் பழைய எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் அடிப்படை அதே பீரங்கி, அதே விரியும் கொக்கி, அதே ஸ்பிரிங். 1982-ல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தத் தீர்மானித்தது. நார்வே ஆட்சேபித்து 1993-ல் மறுபடி தொடங்கியது. ஜப்பான் 2019-ல் ஆணையத்தை விட்டே வெளியேறித் தொடங்கியது.

இனி எங்கள் சண்டை. நண்பன் சொன்னான், கையால் எறிந்த காலமே தர்மமான காலம், ஃபொய்ன்தான் கெடுத்தார் என்று. அவனுக்கு இந்தோனேசியாவின் லமலேரா கிராமத்தைக் காட்டினேன். இன்றும் அங்கே படகு முனையிலிருந்து ஆளே ஈட்டியோடு திமிங்கிலத்தின்மேல் குதிக்கிறார். இறைச்சி ஊர் முழுக்கப் பங்காகிறது. மலைக்கிராமத்துச் சோளத்துக்கும் வாழைக்கும் பண்டமாற்றாகிறது. கடல் காலியாகவில்லை. ஆனால் குத்துப்பட்ட அந்த ஒரு திமிங்கிலத்தைக் கேட்டால்? அதற்கு அது நீண்ட, ரத்தம் வடியும் சாவு. மாறாக, இன்று நார்வேக்காரர்கள் பயன்படுத்துவது ஃபொய்னின் குண்டுக்குப் பேரப்பிள்ளை. 2011, 2012-ல் கண்காணித்த 271 மின்கி திமிங்கிலங்களில் நூற்றுக்கு 82 உடனடியாக இறந்தன என்று கணக்கு. ஒன்றுக்கு இரக்கம் காட்டும் கருவி இனத்துக்கு எமன். இனத்தை விட்டுவைத்த கருவி ஒவ்வொன்றையும் சித்திரவதை செய்தது. எதை எதோடு நிறுப்பது? அன்று ராத்திரி மெஸ் மூடும்வரை பேசியும் முடியவில்லை.

பாரம்பரியம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்பதிலும் தகராறு. ஜப்பானின் தாய்ஜி ஊரில் திமிங்கில வேட்டை 400 வருடப் பழக்கம் என்கிறார்கள். ஆனால் இப்போது அங்கே டால்பின்களை மோட்டார் படகால் குடாவுக்குள் விரட்டுகிறார்கள். அழகானவற்றைப் பொறுக்கி வேடிக்கைக் காட்சிக்கு விற்பது, மற்றவற்றைக் கறிக்கு வெட்டுவது. உயிரோடு போவதற்குத்தான் விலை பல மடங்கு. 2015-ல் உலக உயிரியல் பூங்காக்களின் சங்கம் கண்டித்த பிறகு, ஜப்பானியச் சங்கம் தன் உறுப்பினர்கள் தாய்ஜியில் டால்பின் வாங்கக்கூடாது என்று முடிவெடுத்தது. நம் நாட்டில் 2013-லேயே டால்பின் காட்சிக்கூடங்களுக்கு மத்திய அரசு அனுமதி மறுத்துவிட்டது. நண்பன் ஊரில் டால்பினுக்கு ஓங்கல் என்று பெயர். வலையில் விழுந்தால் வலையை அறுத்தாவது விட்டுவிடுவார் அவன் தாத்தா. அதற்கு அவர் காரணம் எதுவும் சொன்னதில்லையாம்.

என்னுடைய பங்குக்கு ஒன்று சொல்கிறேன். போன வருடம் இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் மூன்று வாரம் லேத்தில் ஒரே ஒரு பின்னைக் கடைந்துகொண்டிருந்தேன். எதில் பொருத்துவார்கள் என்று ஃபோர்மேனிடம் கேட்டேன். டிராயிங்கைப் பார், டாலரன்ஸைப் பார், மத்தது உனக்கெதுக்கு என்றார். எனக்கும் அப்போது அது தப்பாகப் படவில்லை. அளவு சரியாக வந்த சந்தோஷமே பெரிசாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரிந்ததால்தான், குப்பி சரியாக உடைந்து குண்டு சரியாக வெடித்த அன்று ஃபொய்ன் முழங்காலில் நின்று நன்றி சொல்லியிருப்பார் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அவர் தன் கண்ணுக்கு முன்னால் இருந்த நாலு பிரச்சினைக்கும் விடை கண்டார். ஐந்தாவதாக ஒன்று இருந்தது. வேகமும், பலமும், மூழ்கும் உடலும் தவிர அந்த உயிர்களுக்கு வேறு காவல் இல்லையே, அதை எடுத்துவிட்டால் பதிலுக்கு என்ன வைப்பது என்பது. அதற்கு டிராயிங் போட அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்குமா என்று நண்பன் கேட்டான். ஆமாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எழுதி முடித்ததும் முழுக்க ஒரு தடவை அவனிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுவிட்டு, எங்க மாமா விஷயத்தையும் சேர்த்துக்கோ என்றான். 2016-ல் திமிங்கிலங்கள் கரையில் கிடந்தபோது அவன் மாமாவும் மற்ற மீனவர்களும் கயிறு கட்டி, படகால் இழுத்து, அவற்றைத் திரும்பக் கடலில் விட்டார்களாம். அதே கயிறு, அதே படகு, இழுத்த திசைதான் வேறு. மாமா இழுத்துவிட்ட ஒன்று மூன்று முறை கரைக்கே திரும்பி வந்ததாம். மூன்று முறையும் மறுபடி இழுத்துக்கொண்டு போனார்களாம். அன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லை, டீசல் காசும் நட்டம். ஒதுங்கியவற்றில் பாதிக்கு மேல் செத்துவிட்டன. மணலிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். மாமாவுடையது பிழைத்ததா என்று கேட்டேன். நாலாவது தடவை அது திரும்பி வரவில்லையாம்.